‘இல்லை’ என்று எழுதச் சொன்ன அப்பா

அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதி (செக்யூரிட்டி கிளியரன்ஸ்), அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தரப்படும் அனுமதி, தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். என்னிடம் வருபவர்களில் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் ஓர் இளம் பொறியாளரை என்னால் மறக்க முடியவில்லை.

கல்லூரி நாட்களில் நண்பர்களோடு சேர்ந்து சில முறை கஞ்சா புகைத்திருக்கிறார். வேலைக்குச் சேரும்போது, இந்த அனுமதிக்காக நிரப்ப வேண்டிய எஸ்.எஃப்.-86 படிவத்தின் 23ஆம் பிரிவு, கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்று கேட்டது. "உண்மையை எழுதினால் வேலையும் போகும், மானமும் போகும்" என்றார் அப்பா. மகன் ‘இல்லை’ என்று எழுதினார். சில மாதங்கள் கழித்து, விசாரணை அதிகாரி அவருடைய பழைய அறை நண்பரைச் சந்தித்தார். நண்பருக்குப் பொய் சொல்லக் காரணம் ஏதுமில்லை.

அனுமதியை ஏன் மறுக்க நினைக்கிறார்கள் என்று விளக்கி வந்த கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன: போதைப்பொருள், நேர்மையின்மை. முதலாவதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கூட்டத்தோடு தொடர்பும் இல்லை. இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்திடவும் அவர் தயாராக இருந்தார். 2017 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு விதிகள் இவற்றையெல்லாம் சாதகமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடாது என்று அப்போதைய தேசிய உளவுத்துறை இயக்குநர் அவ்ரில் ஹைன்ஸ் 2021 டிசம்பரில் எழுத்திலேயே தெளிவுபடுத்தியிருக்கிறார். எங்களை வீழ்த்தியது இரண்டாவது காரணம். ரகசியக் கோப்பை நம்பி ஒப்படைக்க வேண்டியவர், படிவத்திலேயே பொய் சொல்லியிருக்கிறாரே என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

பெற்றோருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவில் உண்மையாகத் தரும் பதிலைக் குற்ற வழக்கில் உங்கள் பிள்ளைக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று படிவமே உறுதி அளிக்கிறது. தெரிந்தே பொய் எழுதுவதோ 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றம். பிள்ளையைக் காப்பதாக நினைத்து அவனை எங்கே தள்ளுகிறோம் என்று யோசியுங்கள்.

"எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி செல்லும்" என்ற வாதமும் எடுபடாது. இந்த அனுமதி கூட்டாட்சி அரசு தருவது. அதன் சட்டம்தான் கணக்கு. இப்போதும் பயன்படுத்துகிறவருக்கு அனுமதி வழங்கச் சட்டமே தடை விதிக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு தோழியிடம் வாங்கி விழுங்கிய ஆடெரால் மாத்திரையையும் (கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே தரப்படும் மருந்து) எழுதத்தான் வேண்டும். பலர் அதைப் போதைப்பொருளாகவே நினைப்பதில்லை.

எழுதும்போது எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். படிவத்தில் ‘ஒருமுறை’, நேர்காணலில் ‘பத்துப் பன்னிரண்டு முறை’ என்றால் அதுவும் பொய்யாகவே பார்க்கப்படும். சரியாக நினைவில்லை என்றால், இது மதிப்பீடு என்று குறிப்பிடுங்கள்.

ஏற்கெனவே தவறாக எழுதி அனுப்பிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அதிகாரி ஆதாரத்தை முன்னால் வைப்பதற்குள், நீங்களாகவே முன்வந்து திருத்தினால் விதிகள் அதை மதிக்கின்றன. வழக்கறிஞரிடம் பேசுவதென்றால் இந்த வாரமே பேசுங்கள். அந்தப் பொறியாளர் என்னிடம் வந்தபோது, அறை நண்பரின் வாக்குமூலம் கோப்பில் ஏறி ஒரு மாதம் ஆகியிருந்தது.