அர்த்தத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

ஜிஆர்இ, ஐஈஎல்டிஎஸ் என்று வெளிநாட்டுப் படிப்புக்கான எந்தத் தேர்வுக்குத் தயாரானாலும் கடினமான ஆங்கிலச் சொற்களைப் பலர் படிப்பது ஒரே மாதிரிதான். சொல்லும் அர்த்தமும் அடங்கிய பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், நாலாவது வாசிப்பில் எல்லாம் தெரிந்துவிட்டது போல இருக்கும், தேர்வில் 'மிட்டிகேட்' (mitigate, தணித்தல்) வந்து நிற்கும்போது பார்த்த சொல் என்பது மட்டும் நினைவிருக்கும், அர்த்தம் வராது.

ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு படிக்கும் முறையில். கார்பிக்கி, ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலி சொற்களும் அவற்றின் ஆங்கில அர்த்தமும் தரப்பட்டன. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் சிலரிடம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலர் அதன்பின் வாசிக்க மட்டும் செய்தார்கள், கேள்வி இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் வகையினருக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்குச் சுமார் 35 சதவீதம்தான். கூடுதலாக வாசித்ததால் பெரிய பலனே இல்லை! எல்லாத் தரப்பும் பாதி அளவு நினைவிருக்கும் என்றே முன்கூட்டிச் சொல்லியிருந்தது, அதாவது எந்த முறை பலன் தருகிறது என்பது படிப்பவருக்கே தெரிவதில்லை.

அர்த்தம் கண்ணெதிரே இருக்கும்போது மூளை எதையும் தேட வேண்டியதில்லை. மூடிவிட்டால் தேடியாக வேண்டும், தேடி எடுக்க எடுக்கத்தான் அந்தச் சொல்லுக்குப் போகும் வழி பலப்படுகிறது. வராவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் முட்டிமோதிவிட்டு உடனே விடையைப் பாருங்கள்.

அப்புறம் இடைவெளி. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார்: அர்த்தமற்ற அசைகளை ஒரே மூச்சில் 68 தடவை ஓதிக் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்து ஓதியபோது 38 தடவையிலேயே கிடைத்தது.

இரண்டையும் சேர்த்ததுதான் 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் பரப்பிய அட்டைப்பெட்டி முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை இன்னும் சில நாள் தள்ளித்தான் பார்ப்பீர்கள். தவறினால் மறுபடி முதல் பெட்டி. அட்டையின் முன்பக்கம் வெறும் 'மிட்டிகேட்' என்று எழுதாமல், வெள்ளச் சேதத்தைத் தணித்த ஒரு தடுப்பணையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதி அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு போடுங்கள், பின்பக்கம் சொல். எழுதும்போது தானாக வர வேண்டுமென்றால் இந்தத் திசையில்தான் பழக வேண்டும், அர்த்தத்திலிருந்து சொல்லுக்கு.