கேன்ட் சார்ட்: சொல்லும் பொருளும்

ஒரு திட்டத்தின் வேலைகளை நாள்கணக்கில் பட்டைகளாகக் காட்டும் படம் கேன்ட் சார்ட். ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தாகப் போட்டு, 'கேன்ட்' என்பது ஏதோ ஐந்து சொற்களின் சுருக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஓர் ஆளின் பெயர். ஹென்றி கேன்ட் (1861–1919) அமெரிக்க இயந்திரப் பொறியாளர். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் போர்த்தளவாட உற்பத்தியும் கப்பல் கட்டும் வேலையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க இவருடைய படங்கள் பயன்பட்டன. இவரோடு பணியாற்றிய வாலஸ் கிளார்க் 1922இல் எழுதிய நூல் வழியாக இந்த முறை பல நாடுகளுக்கும் போனது.

இதே போன்ற படத்தைப் போலந்துப் பொறியாளர் கரோல் ஆதாமியெட்ஸ்கி 1896லேயே வரைந்துவிட்டார். அவர் வைத்த பெயர் 'ஹார்மோனோகிராம்'. போலந்து மொழியில் வேலை அட்டவணைக்கு இன்றும் அதுதான் சொல். மற்ற இடங்களில் கேன்ட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேன்ட் வரைந்த பழைய படத்தில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்தின் அகலம் நாளை மட்டுமல்ல, அந்த நாளில் ஆக வேண்டிய வேலையையும் குறிக்கும். 100 உருப்படி ஆக வேண்டிய நாளில் 60தான் ஆயிற்று என்றால், மெல்லிய கோடு கட்டத்தில் 60 விழுக்காடு தூரம் போய் நின்றுவிடும். அன்றுவரை ஆன மொத்த வேலைக்குத் தடித்த கோடு. இன்றைய தேதிக்கு ஒரு குறி. தடித்த கோடு அந்தக் குறியை எட்டவில்லை என்றால் வேலை பின்தங்கியிருக்கிறது. ஏன் குறைந்தது என்பதற்கும் ஒற்றை எழுத்தில் குறிப்பு உண்டு: ஆள் வரவில்லை, பொருள் வரவில்லை, பழுது.

ஆக, இந்தப் படத்தின் உயிரே ஒப்பீட்டில்தான். இன்று 'கேன்ட் சார்ட் அனுப்புங்கள்' என்றால் வந்து சேர்வது பெரும்பாலும் திட்டப் பட்டைகள் மட்டும். வேலை தொடங்குமுன் வண்ண வண்ணமாக வரைந்து, பிறகு யாரும் திறந்து பார்க்காத கோப்பு. பெயர் நிலைத்தது, பொருளில் பாதி உதிர்ந்துபோனது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பட்டை வரைபடம்' மிகப் பொதுவானது. 'கால அட்டவணை' திட்டத்தோடு நின்றுவிடும். 'கேன்ட் விளக்கப்படம்' தவறில்லை, ஆனால் கேன்ட்டைத் தெரியாதவருக்கு அது எதையும் சொல்லாது. என் தேர்வு 'பணிக்காலப் பட்டைப்படம்'.

படத்தின் பெயரைவிட, அதற்கான அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புகளில்தான் சிக்கல் அதிகம். 'திட்டமிடப்பட்ட தொடக்கம்', 'உண்மையான தொடக்கம்' என்று எழுதுகிறார்கள். அப்படியானால் முதலாவது பொய்த் தொடக்கமா? தமிழ் வினையே வேறுபாட்டைச் சொல்லிவிடும்: தொடங்க வேண்டிய தேதி, தொடங்கிய தேதி, முடிய வேண்டிய தேதி, முடிந்த தேதி. 'பேஸ்லைன்' என்பதையும் 'அடிக்கோடு' ஆக்க வேண்டாம். அது எழுத்துக்குக் கீழே போடுவது. 'ஒப்புக்கொண்ட திட்டம்' போதும்.

எக்செல்லில் இதற்கென்று தனி விளக்கப்பட வகை கிடையாது. அடுக்குப் பட்டையை (ஸ்டாக்டு பார்) வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரிசை, மேலே திட்டம், கீழே நடந்தது. தொடக்கத் தேதி ஒரு தொடர், நாள் எண்ணிக்கை இன்னொன்று. தேதிப் பட்டையின் நிறத்தை எடுத்துவிட்டால் நாள் பட்டை மட்டும் தன் இடத்தில் தெரியும். முதல் வேலை அடியில் போய் உட்காரும். செங்குத்து அச்சைத் தலைகீழாக்குங்கள். தேதி அச்சின் குறைந்த மதிப்பு எண்ணாகத் தெரியும்: எக்செல்லுக்கு 1900 ஜனவரி 1 என்றால் 1, 2025 ஜனவரி 1 என்றால் 45658. ஒரே நாளில் முடிந்த வேலைக்குப் பட்டையே வராது; கழித்து வரும் நாளோடு ஒன்று கூட்ட வேண்டும்.

இன்னும் முடியாத வேலைக்கு 'டுடே' சார்பைக் கொண்டு இன்றைய தேதியிலிருந்து தொடங்கிய தேதியைக் கழித்தால் பட்டை தினமும் வளரும். தொடங்கவே இல்லாத வேலைக்கும் அதே வாய்பாட்டை இழுத்துவிட்டால் வினைதான்: காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 45,000 நாளுக்கு மேல் கணக்குக் காட்டும். முதலில் 'இஃப்' போட்டுக் கட்டம் காலியா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தப் பட்டை காட்டுவது கழிந்த நாளை. ஆன வேலையை அல்ல. கேன்ட்டின் தடித்த கோட்டுக்கு நெருங்கியது வேண்டுமென்றால் வாரவாரியாகத் திரண்ட விழுக்காட்டைக் கோட்டு வரைபடமாகப் போடுங்கள், ஆக வேண்டியதற்கு ஒரு கோடு, ஆனதற்கு ஒன்று. தொடக்கத்தில் மெல்ல ஏறி, நடுவில் விரைந்து, கடைசியில் தணிவதால் அதற்கு 'எஸ் வளைவு' என்று பெயர். இன்னும் வராத வாரங்களில் வாய்பாடு பூஜ்யம் தந்தால் இரண்டாவது கோடு திடீரென்று தரைக்கு இறங்கிவிடும். அந்தக் கட்டங்களில் 'என்ஏ' (#N/A, மதிப்பு இல்லை) பிழை வரும்படி செய்தால் கோடு இந்த வாரத்தோடு நின்றுகொள்ளும்.