தொண்டை கட்டிய டீச்சர்

பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், என் கிளினிக்கில் ஆசிரியர்கள் வரிசை கட்டுவார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கிற எல்லோருக்கும் இது பழகிய காட்சிதான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் தீபாவளி முடிந்து வந்தார். "ஜூன்ல கட்டின தொண்டை சார், இன்னும் திறக்கல" என்றார், காதோடு ரகசியம் சொல்வதுபோல.

"ஏன் டீச்சர் கிசுகிசுன்னு பேசறீங்க?"

"குரலுக்கு ரெஸ்ட் குடுக்கிறேன் சார்."

பலரும் செய்கிற தவறு இது. கிசுகிசுக்கும்போது நம்மில் பலர் தொண்டையை இறுக்கிக்கொள்கிறோம். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பதுதான். பேசியே தீரவேண்டுமென்றால் இயல்பான குரலில், மெதுவாகப் பேசலாம்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்தேன். இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிரே கடுகளவு முடிச்சு. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுகிறதே, அதுபோலத்தான் இதுவும். பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. 40 நிமிடப் பாடவேளையில் பாதி நேரம் பேசினாலே 2 லட்சத்தைத் தாண்டிவிடும். அவருக்கோ ஒரே அறையில் இரண்டு வகுப்பு, தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன். இரைச்சல் கூடினால் நம்மை அறியாமலே குரல் உயரும். பிரான்ஸின் எதியென் லொம்பார் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் இதை 1911இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

டீச்சர் மிளகுப் பால், தேன், அதிமதுரம் எல்லாம் பார்த்துவிட்டார். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாண் இருப்பதோ மூச்சுப் பாதையில். அங்கே ஒரு சொட்டு போனாலும் புரையேறிவிடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, உடம்பில் ஈரம் இருந்தால்தான் குரல்நாணிலும் ஈரம் இருக்கும்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். தயங்கினார். பள்ளியில் கழிப்பறை சரியில்லையாம். காலையில் ஒரு டம்ளர், அப்புறம் வீட்டுக்கு வந்துதான். இதே பதிலை எத்தனையோ ஆசிரியைகளிடம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு நல்ல கழிப்பறை செய்யக்கூடியதை என் மருந்துச் சீட்டு செய்யாது.

"ஆபரேஷன் பண்ணிடலாமா சார்?" என்றார். அவசரம் வேண்டாம் என்றேன். பேசுகிற பழக்கம் மாறாவிட்டால் வெட்டி எடுத்த முடிச்சு திரும்ப வரலாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினேன். அடிக்கடி கனைப்பதை விட்டார். கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். பிள்ளைகளை அமைதிப்படுத்தக் கத்தாமல் கை தட்டினார், அவர்களை அரைவட்டமாகத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார், இடுப்பில் மாட்டும் சின்ன மைக் ஒன்றும் வாங்கினார். முழு ஆண்டுத் தேர்வுக்குள் குரல் திரும்பிவிட்டது.

எல்லாக் கரகரப்பும் இப்படி முடிவதில்லை. மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்நாணைப் பார்த்தே ஆகவேண்டும். புகை பிடிப்பவர்கள், விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், கழுத்தில் கட்டி தெரிபவர்கள் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். குரல்நாணில் வரும் புற்றுநோய் முதலில் குரலைத்தான் மாற்றும், அதனால் சீக்கிரமே கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

பீடி பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் சளிதான் என்று ஏழு மாதம் சும்மா இருந்துவிட்டு வந்தார். முன்பே வந்திருந்தால் கதிர்வீச்சு மட்டும் போதுமாக இருந்திருக்கலாம். குரல்வளையையே எடுக்க நேர்ந்தது. இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறார். பேத்தியைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுகிறார்.