அடுத்த பாடம் எதுவென்று நூலகருக்கும் தெரிய வேண்டும்

பள்ளி நூலகராகப் பணியாற்றும் என்னிடம் ஆசிரியர்கள் பெரும்பாலும் கேட்பது, "இந்தப் பாடவேளைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறேன், படிக்க ஏதாவது கொடுங்கள்" என்பதுதான். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், ஆயினும் வகுப்பில் அடுத்து எந்தப் பாடம் நடக்கவிருக்கிறது என்பதை நான் அறியாதவரை, அந்த நேரத்தில் நடப்பது புத்தக விநியோகமே தவிர வாசிப்புப் பயிற்சி ஆகாது.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் மட்டும் படித்தது புரிந்துவிடுவதில்லை. ரெக்ட், லெஸ்லி என்னும் இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பகுதியை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதைத் தெளிவாக விளங்கிக்கொண்டார்கள். பொருளைப் பற்றிய முன்னறிவு வாசிப்புக்கு அவ்வளவு துணை செய்கிறது.

ஆகவே, நீர்ச்சுழற்சி பாடம் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அதன் தலைப்பையும், ஆவியாதல், நீராவி குளிர்தல் போன்ற முக்கியச் சொற்களையும் ஆசிரியர் நூலகரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் 551ஆம் எண்ணின் கீழ் வரும் வானிலை நூல்களோடு, 398.2இல் இருக்கும் மழை பற்றிய நாட்டுப்புறக் கதைகளையும் நூலகர் எடுத்து வைக்கலாம். தடுமாறுபவருக்குப் படங்கள் நிறைந்த நூலும் தேர்ந்தவருக்கு விரிவான நூலும் ஒரே மேசையில் இருந்தால், எவரும் கூச்சப்பட வேண்டியிருக்காது.

நூலகரிடமிருந்து ஆசிரியருக்குச் செல்ல வேண்டிய செய்தியும் உண்டு. ஒரு மாணவி தடித்த நூல்களையே எடுத்துச் சென்று மறுநாளே திருப்பித் தருவது வழங்கல் பதிவேட்டில் தெரியும். அவள் சொல்லின் முதல் எழுத்துகளை மட்டும் பார்த்து மீதியை ஊகித்து வாசிக்கிறாள் என்பது வகுப்பில் அவள் வாய்விட்டுப் படிக்கும்போதுதான் தெரியும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவளுக்கு எந்த நூலைக் கொடுப்பது, எதில் பயிற்சியளிப்பது என்று முடிவு செய்ய முடியும். (பதிவேட்டை வகுப்பில் உரக்கப் படிப்பதையும், அதைக் கொண்டு மதிப்பெண் போடுவதையும் நான் ஏற்பதில்லை; பிள்ளைகள் படிக்காமலேயே புத்தகம் எடுக்கத்தான் அது பழக்கும்.)

இணையத்தில் தேடி எழுதும் ஒப்படைப்புகளிலும் இந்தக் கூட்டு வேலை தேவை. கேள்வியை ஆசிரியர் கூர்மையாக அமைத்துத் தந்தால், எழுதியவர் யார், எப்போது எழுதினார், வேறெங்கேனும் அது உறுதிப்படுகிறதா என்று பார்க்க நூலகர் கற்றுத் தரலாம்.

இவை நடைபெற, இருவரும் மாதம் ஒருமுறையாவது அமர்ந்து பேசுவதற்கான நேரத்தைத் தலைமையாசிரியர் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும்.