கல்லுப்புக்குள் புகும் நியூட்ரான்

வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களில் வாரிக் குவிக்கும் உப்பில் சோடியமும் குளோரினும் எண்ணிக்கையில் சரிசமம். ஆனால் மெதுவாக வரும் நியூட்ரானை விழுங்குகிற வேலையைக் கிட்டத்தட்ட முழுக்கக் குளோரின்தான் பார்க்கிறது. அதிலும் பாகுபாடு உண்டு. இயற்கைக் குளோரினில் நான்கில் மூன்று பங்கு குளோரின்-35, மீதி குளோரின்-37; அந்த எண் கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களின் கூட்டுத்தொகை. முதல் வகை இரண்டாவதைவிட நூறு மடங்கு பசியோடு நியூட்ரானை விழுங்கும். சமையலில் இரண்டும் ஒன்றேதான், நாக்குக்கு வேறுபாடு தெரியாது. நியூட்ரானுக்கு எப்படித் தெரிகிறது, அதை நாம் எப்படி அளக்கிறோம்?

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் எலக்ட்ரான் கூட்டத்தைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய் நேராக அணுக்கருவைச் சந்திக்கிறது. அங்கே முட்டித் திசை மாறலாம், அது சிதறல். உள்ளே சிக்கிக்கொள்ளலாம், அது கவர்தல். கனமான சில கருக்கள் பிளந்தும் போகும். ஒவ்வொன்றும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு பரப்பளவாகச் சொல்வது வழக்கம். குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர், பார்ன் என்பது அலகு. ஒரு சதுர சென்டிமீட்டரை ஒரு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி ஒரு கோடியால், அதையும் இன்னொரு ஒரு கோடியால் வகுத்து, வந்ததை ஆயிரம் மடங்கு சுருக்கினால் கிடைப்பதுதான் ஒரு பார்ன்.

குளோரின்-35 கருவின் உண்மையான குறுக்குப் பரப்பு சுமார் அரை பார்ன்தான். வினாடிக்கு 2200 மீட்டர் வேகத்தில் வரும் நியூட்ரானைக் கவர்வதில் மட்டும் அது 44 பார்ன் அகலத்துக்கு நிற்கிறது. இவ்வளவு மெதுவான நியூட்ரான் ஓர் அலையாகப் பரந்து கிடக்கிறது. கருவின் பக்கத்தில் அதிக நேரம் தங்கவும் செய்கிறது. கூடவே, நியூட்ரான் சேர்ந்தபின் உருவாகும் கருவின் ஆற்றல் நிலை ஒன்று வாகாகப் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த 44-ஐ யாராலும் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை எளிது. நியூட்ரான் கற்றைக்கு எதிரே ஓர் எண்ணி, அதாவது வந்து சேரும் நியூட்ரான்களை எண்ணும் கருவி. நடுவில் எதுவும் இல்லாமல் ஒருமுறை எண்ணு, மாதிரியை வைத்து இன்னொரு முறை எண்ணு. இடைவெளி இல்லாமல் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு அழுத்திய உப்பை வைத்தால், அதே 2200 மீட்டர் வேகத்தில் வரும் நூறு நியூட்ரானில் ஏறக்குறைய முப்பதுதான் நேராக அந்தப் பக்கம் போய்ச் சேரும். தடிமனும் அடர்த்தியும் தெரிந்தால் மொத்தக் குறுக்குவெட்டு கைக்கு வந்துவிடும்.

சரி, எந்த வேகத்து நியூட்ரான் எது என்று எப்படித் தெரியும்? ராமேஸ்வரத்தில் டோக்கன் வாங்கிய விசைப்படகுகள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடலில் ஓரிடத்தில் நிற்பவர், எந்தப் படகு எப்போது தாண்டியது என்று குறித்தாலே வேகம் தெரிந்துவிடும், என்ஜினைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் 2001 முதல் இதைத்தான் செய்கிறார்கள். புரோட்டான் கொத்து ஒன்று ஈயக் கட்டியில் மோதியதும் எல்லா வேகத்திலும் நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் தெறிக்கின்றன. நியூட்ரானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள். 185 மீட்டர் குழாயைப் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் 13 மைக்ரோவினாடியில் கடக்கும், ஒரு எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கு 13 மில்லிவினாடி ஆகும். நேரம்தான் ஆற்றல்.

இப்படி வரையும் வரைபடம் வழவழவென்று இருக்காது. சில ஆற்றல்களில் குறுக்குவெட்டு கோபுரமாக எழும்பும். யுரேனியம்-238 இயல்பாகச் சில பார்ன் காட்டிக்கொண்டிருக்கும், 6.67 எலக்ட்ரான் வோல்ட்டில் மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அணு உலைக் கணக்கில் இந்தக் கோபுரங்களை விட்டுவிட்டால் எல்லாம் பிசகும்.

உண்மையான தலைவலி வேறு. சுவரில் பட்டுத் திரும்பிய நியூட்ரானையும் எண்ணி கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்க ஓர் உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளிக்கு 5.2 எலக்ட்ரான் வோல்ட்டில் இப்படி ஒரு கோபுரம் உண்டு. போதுமான தடிமனில் வெள்ளித் தகட்டைக் குறுக்கே வைத்தால் அந்த ஆற்றலில் ஒரு நியூட்ரான்கூட நேராகத் தப்பாது. அப்போதும் எண்ணி அங்கே ஏதாவது காட்டினால், அத்தனையும் வழி தவறி வந்தவை. அதைக் கழித்துவிடலாம்.

அடுத்தது ஈரம். நம் கடற்கரை உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அதனால்தான் மழைக்காலத்தில் ஜாடியில் உப்பு கசிகிறது. ஹைட்ரஜன் நியூட்ரானைச் சிதறடிப்பதில் கில்லாடி. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஒட்டியிருந்தாலே முடிவு ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் விலகிவிடும். மாதிரியைத் தூய்மையாக்கி, உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைப்பது அறிவியலில் பாதி வேலை. கட்டுரைகளில் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கும்.

கவர்தலை மட்டும் தனியாக அளக்க, சிக்கிய கணத்தில் கரு வெளிவிடும் காமா கதிரைப் பிடிக்கிறார்கள். குளோரின்-35 ஒரு நியூட்ரானைக் கவர்ந்தால் மொத்தம் 85 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் காமாவாக வெளியேறும். சில கருக்கள் பிறகும் கதிர்வீசிக்கொண்டிருக்கும், அவற்றை ஆற அமர எண்ணலாம். சோடியத்தை ஓரங்கட்டியது இங்கே தப்பாகப் போகும்: அது கவர்வது அரை பார்ன்தான் என்றாலும், உண்டாகும் சோடியம்-24-க்கு அரை ஆயுள் 15 மணி நேரம். 1999-இல் ஜப்பானின் டோக்கைமுரா அணு எரிபொருள் ஆலை விபத்தில் தொழிலாளர்கள் பட்ட கதிர்வீச்சை மதிப்பிட, அவர்கள் இரத்தத்தில் இருந்த இந்த சோடியம்-24 உதவியது.

ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வழுதூர் மின்நிலையம் உள்ளூர் எரிவாயுவில் ஓடுகிறது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் பாறையின் துளைகளில் இருப்பது உப்புத் தண்ணீரா எரிபொருளா என்று பார்க்க, உலகெங்கும் நியூட்ரான் துடிப்பு விடும் கருவியை இறக்குவதுண்டு. உப்புத் தண்ணீர் என்றால் குளோரின் நியூட்ரான்களைச் சீக்கிரமே தீர்த்துவிடும், எண்ணெயோ வாயுவோ என்றால் அவை சற்று நீடிக்கும். அந்த 44 பார்ன் இல்லாமல் இந்தக் கணக்கு இல்லை.

வேகமான நியூட்ரான்களிடம் இதே குளோரின்-35 வேறு முகம் காட்டுகிறது. அது நியூட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு புரோட்டானை வெளியே தள்ளி, கந்தகமாக மாறிவிடும். உருக்கிய குளோரைடு உப்பில் இயங்கும் உலைகளை வடிவமைப்பவர்களுக்கு இந்த எண் முக்கியம். 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அளவீடு, சுமார் 25 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் அது அட்டவணை மதிப்பைவிடப் பல மடங்கு குறைவு என்று காட்டியது. அது சரியென்றால் நியூட்ரான் இழப்பு எதிர்பார்த்ததைவிடக் குறையும், செலவு பிடிக்கும் குளோரின்-37-ஐ எவ்வளவு பிரித்தெடுக்க வேண்டும் என்ற கணக்கையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.