அண்ணே, இது டேப்பட்டா பேரிங்கா? ரொம்ப நாள் நின்ன காரோட சத்தம்

போன மாசம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ வந்துச்சு. பன்னெண்டு செகண்டு. டிக்டிக்டிக்னு ஒரே சத்தம், பின்னாடி நாய் கொலைக்குது, யாரோ ஒரு பெரியவர் ரேஸ் பண்ணுடா ரேஸ் பண்ணுடாங்கிறாரு. கீழ ஒரு வரி: அண்ணே இது டேப்பட்டா பேரிங்கா? (டேப்பட்னா எஞ்சின் மேல வால்வத் தொறந்து மூடுற பாகம், பேரிங்னா எஞ்சின் அடியில சுத்துற தண்டத் தாங்குற பாகம்.)

சோழவந்தான் தம்பி. குவைத்ல இருந்து லீவுக்கு வந்திருக்காப்ல. அப்பா ஓட்டுன 1998 மாடல் மாருதி 800, அவரு தவறுனதுக்கு அப்புறம் மூணு வருஷமா கொடிக்கால் ஓரத்துல தகர ஷெட்டுக்குள்ளயே நின்னிருக்கு. தம்பி வந்து புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடிச்சு அடிச்சு பத்தாவது தடவைல வண்டி பிடிச்சிருச்சு, பிடிச்ச உடனே சத்தம், பாக்க வந்த ஒருத்தர் ரெண்டு நிமிஷம் காத வச்சுட்டு எஞ்சின இறக்கணும் 30,000 ஆகும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். டேஷ்போர்டுல ஆயில் லைட் அணைஞ்சுச்சா தம்பி?

"அதக் கவனிக்கலண்ணே."

அது அணையலன்னா எஞ்சினுக்குள்ள ஆயில் பிரஷர் ஏறலன்னு அர்த்தம். அப்ப சாவிய எடுத்து உள்ள வச்சிரு, நாளைக்கு வர்றேன்னேன்.

மொதல்ல இந்த ஆடியோ சமாச்சாரத்த சொல்லிடுறேன், வாரத்துக்கு நாலு பேராவது அனுப்புறீங்க. ஃபோன் மைக்குக்கு கீச்சுன்ற சத்தமும் டிக்குன்ற சத்தமும் நல்லா ஏறும், அடி வயித்துல இருந்து வர்ற டொக்கு சத்தம் ஏறாது, ஏறுனாலும் ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காது. அதனால பேரிங் போன வண்டியும் ஆடியோவுல டேப்பட் மாதிரிதான் கேக்கும். ஆடியோவுக்கு பதிலா எனக்கு எழுதி அனுப்புங்க: சத்தம் எப்ப வருது, எப்ப போகுது, எதத் தொட்டா மாறுது. இந்த மூணும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுச்சு.

ஸ்டார்ட் பண்ணுன ரெண்டு மூணு செகண்டு மட்டும் கடகடன்னு அடிச்சு அடங்குனா, மேல ஆயில் ஏற லேட் ஆகுதுன்னு அர்த்தம். நிக்கிற வண்டில ஆயில் பூரா வழிஞ்சு சம்புக்கு, அதான் எஞ்சின் அடியில இருக்க ஆயில் தொட்டிக்கு, இறங்கிரும். ஆயில் ஃபில்டருக்குள்ள ஒரு ரப்பர் வால்வு இருக்கு, எஞ்சின் நின்னதும் ஃபில்டர்ல இருக்க ஆயில் திரும்பி இறங்காம தடுக்குறது அதோட வேலை, அது வருஷக்கணக்குல காஞ்சு வெறச்சுப் போனா பிடிக்காது. ஃபில்டர மாத்துனா இது சரியாயிடும், இதுக்குப் போயி எஞ்சினப் பிரிச்ச ஆளுகளையும் பாத்திருக்கேன்.

ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் பிரஷர்ல கேப்ப தானா சரி பண்ணிக்கிற டேப்பட்) உள்ள வண்டின்னா டிக்டிக் சத்தம் அஞ்சு பத்து நிமிஷம் கூட வரும், லிஃப்டருக்குள்ள ஆயில் நிறைய நிறைய கொறையும். ஆனா நம்ம 800ல அந்த சமாச்சாரமே கிடையாது, ஸ்க்ரூ வச்சு அட்ஜஸ்ட் பண்ற டேப்பட் தான், கேப் அதிகமா இருந்தா தானா சரியாகாது, ஃபீலர் கேஜ், அதான் கேப்ப அளக்குற மெல்லிசு தகடு, போட்டுத்தான் ஆகணும்.

குளிர்ல தட்டிட்டு சூடு ஏற ஏற மறையுதுன்னா ரெண்டு ஆளு மேல சந்தேகம். ஒண்ணு பிஸ்டன், தேஞ்சு லூஸா இருக்கது சூட்டுல விரிஞ்சு சரியா உக்காந்துக்கிரும். இன்னொண்ணு சைலன்சர் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக், அதாவது எஞ்சினுக்கும் புகை போற குழாய்க்கும் நடுவுல இருக்க அடைப்புத் தகடு லீக். இந்த லீக் இருக்கே, அச்சு அசலா டேப்பட் மாதிரியே டிக்டிக்குங்கும், பழைய ஆளுகளே ஏமாந்திருக்காங்க, நானும்தான்.

சூடானதுக்கு அப்புறம்தான் சத்தம் கூடுது, ரேஸ் பண்ணிட்டு விடும்போது டொக்கு டொக்குன்னு கீழ இருந்து வருது, ஐடிலிங்ல ஆயில் லைட்டு மினுக்குது, இதுதான் பயப்பட வேண்டியது. ஆயில் சூடாகி தண்ணியா ஆகும்போது தேஞ்ச பேரிங்குல பிரஷர் நிக்காது. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வண்டின்னா ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர்ல ஒவ்வொரு பிளக் வயரா கழட்டிப் பாப்போம், எந்த சிலிண்டர கட் பண்ணுனா டொக்கு சத்தம் அமுங்குதோ அந்த சிலிண்டரோட கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் சேக்குற கம்பி) பேரிங்தான். இத வீட்டுல பண்ணாதீங்க, ஷாக் தூக்கி அடிக்கும்.

க்ளட்ச் மிதிச்சா மாறுனா அது க்ளட்ச் பேரிங், எஞ்சினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கீச்சுன்னா ஃபேன் பெல்ட், மேல லேசா தண்ணி தெளிச்சுப் பாருங்க, சத்தம் நின்னா பெல்ட்டு, நிக்கலன்னா ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்ப்போ. பெல்ட்ட கழட்டிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட்டுனா இன்னும் தெளிவா தெரிஞ்சுரும், அதுக்கு மேல ஓட்டுனா ஹீட் ஆயிரும்.

சரி, சோழவந்தானுக்கு வருவோம். மறுநாள் காலைல போனேன். பானெட்ட தூக்குனதுமே ஒரு வாடை. ஏர் ஃபில்டர் டப்பாவத் தொறந்தா உள்ள தேங்கா நாரு, நெல்லு உமி, கிழிஞ்ச காலண்டர் தாளு, ஒரு குடும்பமே நடத்தியிருக்கு எலி. ஃபில்டர் பேப்பர்ல கட்டை விரல் போற அளவுக்கு ஓட்டை. இந்த நிலைமைல பத்து தடவ செல்ஃப் அடிச்சிருக்காங்க, உமி கர்பரேட்டருக்குள்ள போகாம தப்பிச்சது அவங்க அப்பா செஞ்ச புண்ணியம்.

டிப் ஸ்டிக்க இழுத்தேன். ஆயில் கருப்பாத்தான் இருந்துச்சு, டீக்கலர்ல நுரையா இல்ல, அதனால தண்ணி கலக்கல. டேங்க் மூடியத் தொறந்து மோந்து பாத்தா பெட்ரோல் வாசமே இல்ல, வார்னிஷ் அடிச்ச கதவு மாதிரி ஒரு நெடி. 2022லயே நம்ம ஊரு பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால் கலந்துட்டாங்க, இப்ப 20. எத்தனால் காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், ரொம்ப சேந்துச்சுன்னா தண்ணியும் எத்தனாலும் தனியாப் பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காந்துக்கும், அங்கருந்துதான் பம்பு உறிஞ்சும். போதாததுக்கு நல்ல சரக்கெல்லாம் ஆவியாப் போயி மிச்சம் கோந்து மாதிரி ஆயிரும். அத வச்சு ஓட்டுனா நாக்கிங் சத்தம் (பெட்ரோல் தாறுமாறா எரிஞ்சு தட்டுற சத்தம்) வரும், அதையும் பேரிங்னு நெனச்சுக்குவாங்க.

பெட்ரோல்னு சொன்னதும் என் கதைய சொல்லாம இருக்க முடியாது. பழங்காநத்தத்துல நான் ஷெட் போட்ட புதுசு. மேலூர் பக்கம் ஒரு அம்பாசடர், பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், குடோன்ல நாலஞ்சு வருஷம் நின்னது. டேங்க்ல அரை டேங்க் பெட்ரோல் இருந்துச்சு, நெடி அடிச்சுச்சு, எனக்குத் தெரிஞ்சுச்சு, இருந்தாலும் இம்புட்டையும் கீழ ஊத்தணுமான்னு மனசு வரல, அஞ்சு லிட்டர் புதுசு கலந்து ஓட்டிட்டேன். வண்டி பூ மாதிரி ஓடுச்சு. ஓனரு சந்தோஷத்துல டீ வாங்கிக் குடுத்தாரு. மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணுனா தடார் தடார்னு ஒரே அடி, ரெண்டு சிலிண்டர் எடுக்கல. ராக்கர் கவரத் தொறந்து பாத்தா ரெண்டு புஷ்ராடு (வால்வத் தொறக்கத் தள்ளுற கம்பி) வில்லு மாதிரி வளஞ்சு நிக்குது. என்ன நடந்துச்சுன்னா, அந்த கெட்டுப்போன பெட்ரோல் ஓடும்போது இன்லெட் வால்வு தண்டுல கோந்தா படிஞ்சிருக்கு, சூடா இருக்க வரைக்கும் இளகி வழுக்கிருச்சு, ராத்திரி ஆறுனதும் கைடோட (தண்டு நகர்ற குழாயோட) சேத்து ஒட்டிப் பிடிச்சிருச்சு. காலைல கேம் (புஷ்ராட மேல தள்ளுற தண்டு) தூக்குது, வால்வு நகரல, நடுவுல இருக்க புஷ்ராடுதான வளையணும். ஹெட்ட இறக்குன செலவு என் கையில இருந்து போச்சு. அதுல இருந்து நின்ன வண்டின்னா மொத வேலையே டேங்க காலி பண்றதுதான், யாரு என்ன சொன்னாலும் சரி.

தம்பி வண்டிலயும் அதத்தான் பண்ணேன். டேங்க இறக்கி கழுவி, கர்பரேட்டரப் பிரிச்சு ஜெட்டு (பெட்ரோல் போற பொடி ஓட்டை) பூரா ஊதி, பெட்ரோல் ஹோஸ் வெடிச்சிருந்துச்சு மாத்திட்டேன். 20-40 ஆயில் மூணு லிட்டர் கேன், புது ஃபில்டர். அப்புறம் மூணு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ரெண்டு மணி நேரம் அப்படியே விட்டுட்டு (எஞ்சின் இறுகிக் கெடந்தா ராத்திரி பூரா ஊறணும்), கிராங்க் புல்லியில (எஞ்சின் தண்டு முனைல இருக்க சக்கரம்) ஸ்பேனர் போட்டு கையால மெல்ல ரெண்டு சுத்து சுத்துனேன். எங்கயாச்சும் முட்டுச்சுன்னா அங்கயே நிறுத்தணும், தம் கட்டி திருகக்கூடாது. முட்டல. அப்புறம் காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வயரக் கழட்டி எர்த்துல குடுத்துட்டு, பிளக் இல்லாமயே செல்ஃப். பத்து செகண்டு அடி, ஒரு நிமிஷம் விடு, மறுபடி பத்து செகண்டு. மூணாவது தடவைல ஆயில் லைட் அணைஞ்சுச்சு. தம்பி அப்பதான் அந்த லைட்ட முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாப்ல. கர்பரேட்டர் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டின்னா, பெட்ரோல் பம்ப் ஃபியூஸ எடுத்துட்டு இதே மாதிரி பண்ணலாம்.

இத்தனையும் முடிச்சு ஸ்டார்ட் பண்ணுனா ரெண்டாவது அடியிலயே பிடிச்சிருச்சு. சத்தம்? அப்படியேதான் இருக்கு. டிக்டிக்டிக்.

தம்பி மூஞ்சி சுருங்கிருச்சு. நான் நீள ஸ்க்ரூடிரைவர எடுத்து பிடிய காதுல வச்சு முனைய டேப்பட் கவர்ல வச்சேன். உள்ள சாதாரண சலசலப்பு, சத்தம் தூரத்துல கேக்குது. எஞ்சின் பிளாக்குல வச்சேன், அமைதி. அப்ப உள்ள எதுவும் இல்ல. ஒரு பழைய துணிய மடிச்சு அவங்க சித்தப்பா கைல குடுத்து, சைலன்சர் சூடாகுறதுக்குள்ள பின்னாடி ஓட்டைய ரெண்டு செகண்டு அமுக்கிப் பிடிங்கண்ணேன்னேன். அமுக்குனாரு. முன்னாடி டிக்டிக் சத்தம் டப்டப்னு ரெண்டு மடங்கு ஆச்சு, மேனிஃபோல்டு ஓரத்துல இருந்து காத்து முகத்துல அடிக்குது. டார்ச் அடிச்சுப் பாத்தா அந்த எடத்துல மட்டும் கரி படிஞ்சு கன்னங்கரேல்னு ஒரு கோடு. மேனிஃபோல்ட பிடிச்சிருக்க ஒரு ஸ்டட்டு (தலையில்லாத போல்ட்டு) துருப்பிடிச்சு நட்டு லூஸாகி கேஸ்கெட் கருகிப் போயிருந்துச்சு. அம்புட்டுத்தான். ஆறவிட்டு, துரு இளக ஆயில் அடிச்சு, ஸ்டட்டையும் கேஸ்கெட்டையும் மாத்துனோம், சாயங்காலம் நாலு மணிக்கு சத்தம் இல்ல. டேப்பட் கேப்பையும் பாத்து வச்சேன், ஒண்ணு மட்டும் கொஞ்சம் கூட இருந்துச்சு. டைமிங் பெல்ட்ட (கேம சுத்த வைக்கிற பெல்ட்டு) எதுவும் கேக்காம மாத்திட்டேன், ரப்பரு தான, வண்டி ஓடலன்னாலும் அதுக்கு வயசாகும்.

எல்லாம் சேத்து அந்த 30,000ல மூணுல ஒரு பங்கு கூட வரல. எஞ்சின இறக்கியிருந்தா? பழைய மேனிஃபோல்டு கேஸ்கெட்டும் கூடவே புதுசாயிருக்கும், சத்தம் போயிருக்கும், பாருங்க பேரிங்தான்னு சொல்லியிருப்பாங்க, தம்பியும் நம்பியிருப்பாப்ல. அந்த ஆளு வேணும்னே ஏமாத்துனாருன்னு நான் சொல்லல, ஆனா ரெண்டு நிமிஷத்துல எஞ்சின இறக்கச் சொல்றவங்ககிட்ட, எந்த சிலிண்டர்ண்ணே, ஆயில் பிரஷர் எவ்வளவு காட்டுச்சுன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

கெளம்புறப்ப தம்பி கேட்டாப்ல, நான் போனதுக்கு அப்புறம் சித்தப்பாவ வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லட்டுமாண்ணே? வேணாம்னேன். அஞ்சு நிமிஷத்துல எஞ்சின் சரியா சூடாகாது, எரியுறப்ப வர்ற தண்ணி ஆவி உள்ளயே தங்கி ஆயில்லயும் சைலன்சர்லயும் இறங்கும், அதுக்கு ஸ்டார்ட் பண்ணாமயே விடலாம். ஒண்ணு பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வாடிப்பட்டி வரைக்கும் ஓட்டிட்டு வரட்டும், இல்லையா பேட்டரி வயரக் கழட்டிட்டு, ஏர் ஃபில்டர் மூக்குல கம்பி வலையக் கட்டிட்டு, ஹேண்ட்பிரேக் போடாம சக்கரத்துக்கு கல்லு வச்சு விட்டுரு, ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் போடுன்னேன்.

சித்தப்பா குறுக்க வந்து, வாடிப்பட்டி எதுக்கு, அலங்காநல்லூர்ல எம்மக வீடு இருக்கு, அங்கயே போயிட்டு வந்துர்றேன்னாரு. சாவிய அவரு கைல குடுத்துட்டு வந்தேன்.