யார் வீட்டில் கூடுகிறோம்?

சபையில் வாராவாரம் வீட்டில் கூடி ஜெபிக்கும் வீட்டுக் குழுக்களைத் தொடங்கலாம் என்று கமிட்டியில் முடிவானதும் ஆயரிடம் வரும் முதல் கேள்வி, "ஐயா, எந்தப் புஸ்தகத்த வச்சு நடத்தப் போறோம்?" என்பதுதான். மதுரைக்குள்ளும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலும் ஆயராக இருந்து நான் பார்த்தவரை, புத்தகம் சரியில்லை என்று நின்றுபோன குழு ஒன்றுகூட இல்லை. யார் வீட்டில் கூடுவது என்பதைச் சரியாகத் தீர்மானிக்காமல் நின்றுபோனவைதான் அதிகம்.

வழக்கமாக என்ன நடக்கிறது? இருக்கிற வீடுகளில் பெரிய ஹால் உள்ள வீட்டைத் தேர்ந்தெடுப்போம். வண்டி நிறுத்த இடம் இருக்கும், நாலு ஃபேன் ஓடும், வீட்டம்மாவும் மனமுவந்து கேசரி கிண்டி வைத்திருப்பார். ஆறு மாதம் இப்படிப் போனால் அது அவர்கள் வீட்டுக் கூட்டமாகிவிடும். மற்றவர்கள் விருந்தாளிகள். வில்லாபுரத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிற தம்பதி, "நம்ம வீட்டுக்கு இவங்கள எப்படிக் கூப்பிடுறது, என்னத்தக் கொடுக்கிறது" என்று யோசிப்பார்கள். பிறகு ஒரு வாரம் தலைவலி, மறு வாரம் ஊர்ப் பயணம், அப்புறம் ஆளே இருக்காது.

ஆகவே நான் வைக்கிற முதல் விதி, வீடு சுற்றிவர வேண்டும். இரண்டாவது, டீயும் பிஸ்கட்டும் மட்டும். மாடி வீட்டுக்காரருக்கும் அதே மாரி பிஸ்கட்தான். இடம் போதாவிட்டால் மொட்டை மாடியில் பாய் விரிக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் அதுதான் நல்லதும்கூட.

டீ என்றதும் பேசாமல் கடந்துபோக முடியாத ஒன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் குடிக்கிறவர்கள், செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டு டம்ளரைப் பார்த்ததும், "எனக்குச் சுகர், வேணாம்மா" என்பார்கள். அதே ஆள் போன வாரம் வேறொரு வீட்டில் இரண்டு டம்ளர் குடித்திருப்பார். சுற்றியிருப்பவர்களுக்குப் புரியும், வீட்டுக்காரருக்கு எல்லோருக்கும் முன்னால் புரியும். சாதியைப் பற்றி நாம் செய்யும் பிரசங்கங்களெல்லாம் அந்த டம்ளர் முன்னால் நிற்பதில்லை.

இதைத் தூண்டிவிடுவதே பல சமயம் நாம் குழு பிரிக்கிற முறைதான். தெரு வாரியாகப் பிரிப்பது சுலபம். ஆனால் நம் ஊரில் தெரு என்பது பெரும்பாலும் சாதியும்தான். "யார் யாரோடு சேர விருப்பமோ பேர் கொடுங்க" என்பது இன்னும் மோசம். உறவுமுறைக் கூட்டம் நாலைந்து அமைந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு, மூன்று தெருக்களை ஒன்றாகச் சேர்த்து, பட்டியலை ஆயரே உட்கார்ந்து எழுதுவது நல்லது. எந்த வீட்டில் தயக்கம் வரும் என்று தோன்றுகிறதோ, முதல் மாதமே அந்த வீட்டில் கூட்டம் போடுங்கள். ஆயர் போய் உட்கார்ந்து, கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். முகம் சுளித்து விலகுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தக்கவைப்பதற்காக, கூட்டம் சுற்றிவரும் பட்டியலிலிருந்து அந்த வீட்டை எடுத்துவிடாதீர்கள். ஆதி எருசலேம் சபையில் எழுந்த முறுமுறுப்பும் பந்தி விஷயத்தில்தான்: கிரேக்கு பேசிய விதவைகளை அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கவில்லை என்று அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் சொல்கிறது.

ஒரு குழுவில் எத்தனை பேர் என்பதற்கு நான் பார்ப்பது, இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அனுபவம். 1742இல் பிரிஸ்டல் நகரில் கட்டடக் கடனை அடைப்பதற்காக, சபையாரைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. வசூலிக்க ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவந்தது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் அங்கிருந்து வளர்ந்தவைதான். கத்தோலிக்கப் பங்குகளில் நம் கண்முன்னே நடக்கிற அன்பியங்கள் என்ற அக்கம்பக்கத்துச் சிறு குழுக்களிலும், பக்கத்து வீட்டைத் தெரிந்து வைத்திருப்பதுதான் பலம். குழுத் தலைவருக்கு வேதபாண்டித்தியம் அவ்வளவு அவசியமில்லை. போன வாரம் யார் வரவில்லை என்று கவனித்து, மறுநாள் போன் பண்ணுகிறவராக இருந்தால் போதும். நன்றாகப் பேசுகிறவரைத் தலைவராகப் போட்டால் அவர் மட்டும்தான் பேசுவார்.

நேரத்தைப் பெரியவர்கள் மட்டும் கூடி முடிவு செய்யக் கூடாது. ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். நர்ஸுக்கு ஷிப்ட் மாறும். அவர்களுக்கென்று ஞாயிறு பிற்பகலில் ஒரு குழு வைக்கலாம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் கூட்டமே வேண்டாம், ஒரு தெருவுக்குள்ளும் வண்டி போகாது. பன்னிரண்டு பேருக்கு மைக் எதற்கு? பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கும். வாடகை வீடென்றால் வீட்டு ஓனரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஜெபக் குறிப்பு விஷயத்தில் கண்டிப்பு தேவை. "இன்னார் மகளுக்காக ஜெபியுங்கள், புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் பசுமலை வரைக்கும் போய்விடும். சொன்னவர் சம்மதமில்லாமல் பெயர் போடக் கூடாது, அவ்வளவுதான். அடி உதை என்று ஒரு பெண் சொன்னால், "பொறுத்துக்கோம்மா, ஜெபிப்போம்" என்று அனுப்பிவிடக் கூடாது. பெண்கள் உதவி எண் 181. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அன்றே குடும்பத்தில் நம்பகமான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்; அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம். குழந்தையிடம் யாரோ தவறாக நடந்தது தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆயருக்கும் குழுத் தலைவருக்கும் இதில் விலக்கு கிடையாது. "சபைக்குள்ள பேசி முடிச்சிடலாம்" என்று சொல்கிற பெரியவர்களுக்கு இதைத் தொடக்கக் கூட்டத்திலேயே படித்துக் காட்டுங்கள்.

குழுவுக்குள் சீட்டு, கைமாற்று, பாலிசி பிடிப்பது எதுவும் வேண்டாம். கடன் வாங்கியவர் முதலில் நிறுத்துவது ஜெபத்துக்கு வருவதைத்தான். கஷ்டத்தில் இருக்கிறவருக்கு உதவி செய்ய வேண்டுமென்றால் சபைக் கணக்கு வழியாகச் செய்யலாம்.

பதினைந்து பேரைத் தாண்டினால் குழுவைப் பிரித்தாக வேண்டும். "நல்லாப் போயிட்டிருக்கிறத எதுக்குய்யா பிரிக்கிறீங்க?" என்று வருத்தப்படுவார்கள். எனவே தொடங்கும் நாளிலேயே துணைத்தலைவர் ஒருவரை வைத்து, மாதம் ஒரு முறை அவரே நடத்தட்டும். பிரியும்போது புதுக்குழுவுக்குப் பழைய தலைவர் போகட்டும், பழைய குழுவைத் துணைத்தலைவர் பார்த்துக்கொள்ளட்டும். புதுக்குழுவின் முதல் கூட்டம் பெரிய ஹால் இல்லாத வீட்டில்.